எட்டுக்குப் பதினாறு

மென்பொருள் முகப்புகளில் பழைய கணினித் திரையின் எழுத்து மீண்டும் தலைகாட்டத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதன் வளைவுகள் படிக்கட்டுகளாக உடைந்து நிற்கும். ஒல்லியான ஆங்கில 'ஐ'யும் அகன்ற 'டபிள்யூ'வும் ஒரே அகலத்தில் அடங்கும். உற்றுப் பார்த்தால் எழுத்து முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது தெரியும். ஹெலனா ஜாங் 2024-இல் வெளியிட்ட டிபார்ச்சர் மோனோ இந்த வகையில் அண்மையில் பரவலாகப் பேசப்பட்ட எழுத்துரு. டிஇசி நிறுவனத்தின் விடி320 டெர்மினலில் இருந்த எழுத்துகளைக் கொண்டு பீட்டர் ஹல் உருவாக்கிய விடி323 அதற்கு முன்பே கூகுள் ஃபான்ட்ஸ் வழியாகப் பல இணையப் பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இவற்றை விரும்புகிறவர்களும் சரி, ஒதுக்குகிறவர்களும் சரி, பழமையின் மீதான ஏக்கம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் காரணம் போதாது. கவனத்தையும் அது தவறான இடத்துக்கு இழுக்கிறது என்று நினைக்கிறேன். இந்த எழுத்தின் பழமை பாதி கற்பனை. இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் அது அந்தப் பழைய திரைகளில் தெரிந்ததே இல்லை. அதில் காப்பாற்றத் தக்கது ஒரு வேலைமுறை: ஓர் அளவுக்கு ஒரு வடிவம் என்று தீர்மானித்துக்கொண்டு, அந்த அளவில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு மனிதர் யோசித்து வைப்பது.

சம அகலம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நிரல்கள் இருந்தன. அட்டை வழக்கொழிந்தபோதும் அந்த எண்ணிக்கை நிலைத்தது. 1978-இல் வந்த விடி100 டெர்மினலின் வரியிலும் 80 எழுத்து, 1981-இன் ஐபிஎம் பிசியிலும் 80. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த விஜிஏ திரையை எடுத்துக்கொண்டால் கணக்கு துலக்கமாகத் தெரியும். 80 நிரல், 25 வரி, ஆக 2,000 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பைட் நினைவகம்: எந்த எழுத்து என்பதற்கு ஒன்று, என்ன நிறம் என்பதற்கு ஒன்று. திரை முழுவதும் 4,000 பைட்டில் அடங்கிவிடுகிறது. எழுத்துகளின் வடிவம் தனியாக இருக்கும். 8 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட 256 வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட், மொத்தம் 4,096 பைட். அதே திரையைப் புள்ளி புள்ளியாக நினைவில் வைப்பதென்றால், 720-க்கு 400 என்ற அதன் அளவில், நிறமே இல்லாமல் கறுப்பு வெள்ளையாக மட்டும் 36,000 பைட் வேண்டும். நினைவகம் அரிதாக இருந்த ஆண்டுகளில் உருவான இந்த ஏற்பாட்டில், எழுத்து எங்கே நிற்கிறது என்று இயந்திரம் தனியே குறித்து வைப்பதில்லை. எத்தனையாவது அறை என்பதே அதன் இடம். எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்தால்தான் அந்த எண்ணிக்கை செல்லும். அழகுணர்ச்சிக்கு இதில் பங்கே இல்லை. ஆனால் இந்தச் சிக்கனத்திலிருந்து யாரும் தேடாத ஒரு பேறு கிடைத்தது. மேல்வரியின் 40-ஆம் எழுத்துக்கு நேர் கீழே அடுத்த வரியின் 40-ஆம் எழுத்து நிற்கும் என்ற உறுதி வந்ததும், திரையில் இடத்துக்கே பொருள் வந்துவிட்டது. வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலே அட்டவணை ஆகிவிடும். ஒரு வரி மட்டும் விலகி நின்றால் அங்கே ஏதோ பிசகு என்று கண் உடனே பிடித்துவிடும்.

சதுரத்தின் கதை வேறு. எழுத்து 8-க்கு 16 கட்டத்தில் சேமிக்கப்பட்டது உண்மைதான். சேமிக்கப்பட்டதும் திரையில் தெரிந்ததும் ஒன்றாக இருக்கவில்லை. பிக்சர் டியூபுக்குள் எலக்ட்ரான் கற்றை, கண்ணாடியின் உட்புறத்தில் பூசிய பாஸ்பரை வரி வரியாகத் தடவிக்கொண்டு போகும். ஒளிர வேண்டிய இடத்தில் கற்றை வலுக்கும், இருள வேண்டிய இடத்தில் ஒடுங்கும். அப்படி உண்டாகும் ஒளிப்பொட்டுக்குக் கூரான விளிம்பும் இல்லை, நான்கு மூலையும் இல்லை. நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் கரைந்தும் நிற்கும். ஒரே ஒரு புள்ளிக்குரிய நேரத்துக்குள் கற்றையை முழு வலுவுக்கு ஏற்றி உடனே இறக்குவது அந்தக் கால மின்சுற்றுக்குச் சிரமமான காரியம். அதனால் ஒற்றைப் புள்ளி அகலமுள்ள நெட்டுக்கோடு, பக்கத்தில் இருக்கும் கிடைக்கோட்டைவிட மங்கிப்போகும். விடி100-இல் இதற்காகவே ஒரு சுற்றைச் சேர்த்தார்கள். ஒளிரும் ஒவ்வொரு புள்ளியையும் அது வலப்புறமாக நீட்டிவிடும். எழுத்து வடிவங்களைப் பொதிந்து வைத்த ரோம் சிப்பில் ஒற்றைப் புள்ளிக் கோடாக இருந்தது திரையில் இரட்டிப்பாகத் தடித்தது. சாய்கோட்டின் படிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்து, படிக்கட்டு ஏறக்குறைய சரிவானது. அந்த ரோமில் உள்ள புள்ளிகளை மட்டும் எடுத்து இன்றைய திரையில் சதுரங்களாக அடுக்கினால் கிடைப்பது மெலிந்து எலும்பான ஓர் எழுத்து. விடி100-இன் முன் உட்கார்ந்து வேலை செய்த எவரும் அதைப் பார்த்ததில்லை.

பிரிட்டனின் டெலிடெக்ஸ்ட் இன்னும் தெளிவான சான்று. தொலைக்காட்சி அலையோடு சேர்த்துச் செய்தியையும் வானிலையையும் எழுத்தாக அனுப்பும் சீஃபேக்ஸ் சேவையை பிபிசி 1974 முதல் 2012 வரை நடத்தியது. அத்தகைய பக்கங்களைத் திரையில் எழுதிய சிப்களுள் மல்லார்ட் நிறுவனத்தின் எஸ்ஏஏ5050 புகழ்பெற்றது. 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ கணினியின் ஏழாம் திரைமுறைக்கும் அதே சிப்தான். அதில் எழுத்துகள் 5-க்கு 9 புள்ளிகளாகத்தான் பொதிந்திருந்தன. ஆனால் காட்டும்போது, எங்கெல்லாம் இரண்டு புள்ளிகள் மூலையோடு மூலை மட்டும் தொட்டு நிற்கின்றனவோ, அங்கெல்லாம் அந்த உட்கோணத்தில் அரைப் புள்ளியைச் சிப் தானாகவே சேர்த்துக்கொள்ளும். பொதிந்த வடிவம் கரடுமுரடு, வெளிவந்த வடிவம் நாலு மடங்கு நுண்மையானது. எழுத்தை வரைந்தவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே வரைந்தார்கள். எந்தப் புள்ளியை எங்கே வைத்தால் சிப் எந்த மூலையை நிரப்பும் என்பதும் அவர்களின் வடிவமைப்பில் சேர்த்தி. விஜிஏவிலும் இதே போன்ற நுட்பம் உண்டு. வடிவம் 8 புள்ளி அகலம், திரையிலுள்ள அறையோ 9 புள்ளி. ஒன்பதாவது நிரல் வெறுமையாக விடப்படும், பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஆனால் 192 முதல் 223 வரையான குறியீட்டு எண்களுக்கு மட்டும் எட்டாவது நிரலில் உள்ளதையே ஒன்பதாவதிலும் வன்பொருள் மறுபடி எழுதும். கட்டம் போடுவதற்கான கோட்டுத் துண்டுகளில் வலப்பக்கம் நீளுபவை இருப்பது அந்த வரிசையில்தான். அவை இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று சேர வேண்டும். மேலும், 720-க்கு 400 புள்ளிகளை நான்குக்கு மூன்று விகிதமுள்ள கண்ணாடியில் பரப்பியபோது ஒவ்வொரு புள்ளியும் தன் அகலத்தைப்போல் ஏறக்குறைய 1.35 மடங்கு உயரம் பெற்றது. அதே புள்ளிகளை இன்று சதுரமாக்கிக் காட்டினால் எழுத்து குட்டையாகி அகன்றுவிடுகிறது.

ஆக, சிப்பில் இருந்தது பாதி எழுத்து. மீதியை மின்சுற்றும் கண்ணாடியும் எழுதின. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. எழுதியவர் விட்டதைப் படித்தவர் நிரப்பிக்கொண்டார், பிற்காலத்தில் பதிப்பாசிரியர் நிரப்பினார். ஏட்டில் கண்டதைக் கண்டபடியே அச்சிட்டுவிட்டுப் பாட்டைப் பதிப்பித்துவிட்டதாக எந்தப் பதிப்பாசிரியரும் சொல்லமாட்டார். பழைய திரையெழுத்தை இன்று எழுத்துருவாக்குகிறவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். எஸ்ஏஏ5050-இன் எழுத்துகளைப் பென் ஹாரிஸ் பெட்ஸ்டெட் என்ற எழுத்துருவாக்கியபோது, ரோமின் புள்ளிகளோடு நிற்காமல், சிப் மூலைகளை நிரப்பும் விதியையும் கணக்கில் எடுத்துப் புறக்கோடுகளை உண்டாக்கினார். ஓல்ட்ஸ்கூல் பிசி ஃபான்ட் பேக் என்ற பெருந்தொகுப்பு, பழைய பிசி எழுத்துகளைச் சதுரப் புள்ளி வடிவத்திலும், பழைய கண்ணாடியின் விகிதத்துக்குத் திருத்திய வடிவத்திலும் இரண்டாகத் தருகிறது. எது மூலம், எது பாடம், எது உரை என்று தெரிந்து செய்த வேலைகள் இவை. இந்த உழைப்பு நன்றிக்குரியது. இதற்கு மாறாக ரோமை அப்படியே சதுரங்களாகக் கொட்டிவிட்டு 'அசல்' என்று பெயரிடுவது, அசலையும் தருவதில்லை, புதிதாக எதையும் யோசிப்பதுமில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: சதுரப் புள்ளி பழைய திரையில் இல்லை என்றால், இன்றைய பிக்சல் எழுத்துருக்கள் எல்லாம் போலிதானே? வரலாற்றுச் சான்று என்ற முறையில், ஆம். ஆனால் ஓர் எழுத்துருவை வரலாற்றுச் சான்றாக இருப்பதற்காக யாரும் முகப்பில் வைப்பதில்லை. வேலை செய்வதற்காக வைக்கிறார்கள். அந்த வேலைக்குள் போய்ப் பார்த்தால், சதுரப் புள்ளி ஒரு கடுமையான ஒழுங்கைக் கொண்டுவருவது தெரியும். 1977-இன் ஆப்பிள் 2 கணினியின் எழுத்து, 7-க்கு 8 அறைக்குள் 5-க்கு 7 புள்ளி. முப்பத்தைந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் உண்டு அல்லது இல்லை. 'சற்றே தடிமன்', 'லேசான வளைவு' என்பவற்றுக்கெல்லாம் இங்கே இடமில்லை. ஒரு புள்ளியை நகர்த்தினால் எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு நகர்கிறது. சிறிய ஆங்கில 'எம்'முக்கு மூன்று கால்கள். ஐந்து நிரலில் கால், வெளி, கால், வெளி, கால் என்று வைத்தவுடன் இடம் தீர்ந்துவிடும், வளைவைக் குறிப்பால்தான் உணர்த்த வேண்டும். சுழியத்தையும் பெரிய 'ஓ'வையும் பிரிக்க உள்ளே ஒரு புள்ளியா, குறுக்கே ஒரு கோடா? சிறிய 'எல்', பெரிய 'ஐ', எண் ஒன்று ஆகிய மூன்றும் ஒரே குச்சியாகிவிடாமல் இருக்க எதற்குக் கொக்கி, எதற்குப் பாதம்? சாதாரண எழுத்துருவிலும் இந்தக் கேள்விகள் உண்டு, ஆனால் அங்கே நழுவிச் செல்ல வழி இருக்கிறது. இங்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியோடு வாதாடித்தான் தன் இடத்தைப் பெறுகிறது. அந்த வாதத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் அங்கே இருந்தாக வேண்டும்.

அச்சுக்கலையின் நீண்ட வரலாற்றில் இந்த ஒழுங்கு புதியது இல்லை என்பதுதான் என் வாதத்தின் மையம். உலோக அச்சில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி எஃகு முளை வெட்டப்பட்டது. சிறிய அளவு, பெரிய அளவின் சுருக்கமாக இருந்ததில்லை. சிறியதில் உள்வெளிகளை அகட்டினார்கள், மெல்லிய கோடுகளைத் தடிக்கச் செய்தார்கள், எழுத்துகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் கொடுத்தார்கள். 1880-களில் லின் பாய்ட் பென்டனின் பேன்டோகிராஃப் இயந்திரம் வந்த பிறகு ஒரே வரைபடத்திலிருந்து பல அளவுகளை வெட்ட முடிந்தது. 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்டும் 1991-இல் ட்ரூடைப்பும் வந்தபோது அந்தப் போக்கு முழுமையடைந்தது: ஒரு புறக்கோடு, எந்த அளவுக்கும். இதனால் எழுத்துக்கலைக்கு நேர்ந்த நன்மைகள் பெரியவை. ஆனால் இந்த அளவில் இந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி, வடிவமைப்பாளரின் மேசையிலிருந்து கணக்கீட்டு நிரலுக்கு மாறிப்போனது. இடைப்பட்ட சில ஆண்டுகளில், திரைகள் கரடாக இருந்த காரணத்தால், அந்தக் கேள்வி மனிதர் கையில் மறுபடி வந்து சேர்ந்தது. எமிக்ரே இதழின் சுசானா லிக்கோ 1985-இல் மேக்கின்டோஷுக்காக வரைந்த எம்பரர், ஓக்லண்ட், யுனிவர்சல் போன்றவற்றைப் பாருங்கள். எம்பரரில் எட்டுப் புள்ளி உயரத்துக்கு ஒரு வடிவம், இன்னோர் உயரத்துக்கு இன்னொன்று. பெயரோடு அந்த எண்ணும் சேர்ந்தே வரும். பெரியதைச் சிறியதாக்கிச் செய்தவை இல்லை அவை. மாத்யூ கார்ட்டர் 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி அட்டவணைகளுக்காக பெல் சென்டென்னியல் வரைந்தபோது கட்டத்தாளில் புள்ளி புள்ளியாகக் கையால் நிரப்பினார். 1996-இன் வெர்டானாவிலும் அவர் முதலில் திரைக்கான புள்ளி வடிவங்களை முடிவுசெய்தார், அவற்றைச் சுற்றித்தான் புறக்கோடு வரையப்பட்டது. பல கோடிப் பேர் பிக்சல் எழுத்து என்ற நினைப்பே இல்லாமல் படித்த எழுத்துரு அது. புள்ளியிலிருந்து தொடங்கும் முறை, பழைய தோற்றத்தில் போய்த்தான் முடிய வேண்டும் என்பதில்லை. கூர்மையான வாசிப்பிலும் முடியலாம்.

இன்றைய திரைகளில் இந்த உழைப்புக்கு என்ன தேவை என்பது அடுத்த மறுப்பு, அதில் நியாயமும் உண்டு. கைப்பேசித் திரையின் புள்ளி கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது. அங்கே டிபார்ச்சர் மோனோவின் ஒரு சதுரத்தைக் காட்ட 3-க்கு 3 என ஒன்பது உண்மைப் புள்ளிகள் சேர வேண்டியிருக்கலாம். அதாவது அது புள்ளி இல்லை, புள்ளியின் படம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரடான புள்ளி உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டதாக எண்ணுவது, நம் கையில் தினமும் வந்து விழும் தாளைப் பார்க்காதவர்களின் எண்ணம். கடையில் தரும் பில்லைப் பாருங்கள். பரவலாக இருக்கும் 58 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் பகுதி 48 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 384 புள்ளி. எழுத்துக்கு 12-க்கு 24 புள்ளி. ஆக வரிக்கு 32 எழுத்து. பொருளின் பெயர் இடப்பக்கமும் விலை வலப்பக்கமும் ஒரே நேரில் விழுவது அந்த முப்பத்திரண்டின் உபயம். சிறு கருவிகளில் பதிக்கப்படும் 128-க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரையில் 6-க்கு 8 அறை வைத்தால் வரிக்கு 21 எழுத்து, 8 வரி. பேருந்தின் நெற்றியில் ஓடும் எல்இடி பலகையிலும் இதே கணக்கு. இங்கெல்லாம் சம அகலப் பிக்சல் எழுத்து பழமையின் நினைவாக நிற்கவில்லை, நிகழ்காலத்தின் கூலி வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த எழுத்துகளை வரைந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவற்றுள் பல கவனமின்றி வரையப்பட்டவை என்பதும் உண்மை. 8 ரூபாயா 6 ரூபாயா என்று பில்லைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருந்தால் குற்றம் வெப்பத் தாளின் மங்கலில் மட்டும் இல்லை, புள்ளி வைத்தவரிடமும் இருக்கிறது.

நுண்ணிய திரையிலும் ஒரு நிபந்தனையோடு இந்த எழுத்துக்கு இடம் உண்டு. டிபார்ச்சர் மோனோ 11 பிக்சல் உயரத்துக்கு வரையப்பட்டது. 11, 22, 33 என்ற முழு மடங்குகளில்தான் அதன் சதுரங்கள் சதுரமாக நிற்கும். அதை 13-இல் வைத்தால் ஒவ்வொரு சதுரமும் ஒன்றும் அரையும் காலுமாகச் சிதறி, ஓரங்களைச் சமாளிக்க மென்பொருள் சாம்பல் நிறத்தைப் பூசும். அப்போது கோடுகளின் தடிமன் எழுத்துக்கு எழுத்து மாறும், வரைந்தவர் எடுத்த முடிவுகள் எல்லாம் நீர்த்துப்போகும். இந்தத் தவறை எத்தனையோ முகப்புகளில் பார்க்க முடிகிறது. திரைக்கோடுகள், நடுங்கும் ஒளி, பச்சைப் புகை என்று அலங்காரங்களை அடுக்கிவிட்டு எழுத்தைத் தவறான அளவில் நிறுத்துவது, இந்த எழுத்து எதற்காக இப்படி இருக்கிறது என்று தெரியாமல் செய்வது. ஏக்கம் என்ற குற்றச்சாட்டு அப்படிப்பட்ட முகப்புகளுக்குப் பொருந்தும். சரியான அளவில், அலங்காரம் இல்லாமல், எண்களும் பெயர்களும் வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில் வைக்கும் ஒருவருக்குப் பொருந்தாது.

நீண்ட உரைநடையைப் படிக்க இது உகந்ததா என்றால், இல்லை. ஒல்லி எழுத்துக்கும் அகன்ற எழுத்துக்கும் ஒரே இடம் கொடுத்தால் சொல்லின் உருவம் குலைகிறது. நாவலை இதில் அச்சிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. முகப்பில் கண் வரியோடு ஓடுவதைவிட வரிகளுக்குக் குறுக்கே இறங்குவதுதான் அதிகம்: பதிவேடுகள், பிழைச் செய்திகள், கோப்புப் பட்டியல், நிரலின் பழைய வடிவமும் புதிய வடிவமும். எண்களை மட்டும் சம அகலமாக்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, கணக்கேட்டில் போதும் என்பேன். ஆனால் இரண்டு வரிகளில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்க்கும்போது மாறுவது பெரும்பாலும் எண்ணாக இருப்பதில்லை. அடைப்புக்குறி ஒன்று, காற்புள்ளி ஒன்று, ஓர் எழுத்தின் பெரிய வடிவம் சிறியதானது ஒன்று. அங்கே எல்லாக் குறிகளும் ஒரே அறையில் நின்றால்தான் வேறுபாடு கண்ணில் குத்தும்.

மிகக் கனமான மறுப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இந்த அறைக்கணக்கு முழுவதும் ரோமன் எழுத்தின் வசதிக்காக எழுந்தது; ஏறத்தாழ ஒரே அகலமுள்ள, ஒன்றோடொன்று சேராத, சில டஜன் எழுத்துகளுக்குத்தான் அது பொருந்தும் என்பது அந்த மறுப்பு. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 1978-இன் அவர்களது தரத்தில் முதல் தொகுதியில் மட்டும் 2,965 கஞ்சி எழுத்துகள். 16-க்கு 16 புள்ளியில் எழுத்துக்கு 32 பைட் வீதம் 94,880 பைட், அதாவது விஜிஏவின் எழுத்துத் தொகுதியைப்போல் இருபத்துமூன்று மடங்கு. ரோமன் எழுத்துக்கு ஓர் அறை, கஞ்சிக்கு இரண்டு அறை என்று வைத்துக் கட்டத்தைக் காப்பாற்றினார்கள். கோடுகள் நெருங்கிய எழுத்துகளில் பதினாறு புள்ளிக்குள் எல்லாக் கோட்டையும் காட்ட இடமில்லை. சிலவற்றைத் துணிந்து விட்டார்கள். எதை விட்டால் படிப்பவர் கண் தானாக நிரப்பிக்கொள்ளும் என்று எழுத்துக்கு எழுத்து யோசித்தார்கள். கரடான கட்டத்தில் சிக்கலான எழுத்து பிழைக்கும் என்பதற்கு அதுவே சான்று. விலை மட்டும் அதிகம், உழைப்பிலும் நினைவகத்திலும்.

தமிழுக்கு அந்த விலையை இன்னும் யாரும் முழுமையாகக் கொடுக்கவில்லை. ஐஐடி கான்பூரில் உருவாகிப் பின்னர் சி-டாக் வழியாகப் பரவிய ஜிஸ்ட் அட்டை, பிசியின் எழுத்துத் திரையில் இந்திய எழுத்துகளைக் காட்டத் தனி வன்பொருளையே சேர்த்தது. அது முன்னோடியான முயற்சி. பிறகு வரைகலைத் திரைகள் வந்து தேவை குறைந்ததாகத் தோன்றியது. ஆனால் நிரலாளர்களின் டெர்மினல் இன்றும் அறைகளை எண்ணித்தான் வேலை செய்கிறது, அந்த எண்ணிக்கையில் தமிழ் சிதறுகிறது. யூனிகோடில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறி மேலே ஏறி நிற்கும், இடம் பிடிக்காத குறியாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. பரவலாகப் புழங்கும் அகலக் கணக்கில் முன்னதற்கு ஓர் அறை, பின்னதற்கு அறையே இல்லை. அதன்படி 'கிளி' நான்கு அறை, 'கீரி' மூன்று அறை. இரண்டுமே இரண்டு எழுத்துச் சொற்கள். ஒல்லியான ரகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் ஆளுக்கு ஓர் அறைதான். எட்டுப் புள்ளி அகலத்தில் மூன்று சுழியையும் தண்டையும் வெளிவிட்டுக் காட்ட முடியாது. சுழி ஒன்று மறைந்தால் ணகரம் னகரமாகிவிடும். கஞ்சியில் ஒரு கோட்டை விட்டாலும் வாசிப்பவர் நிரப்பிக்கொள்வார், இங்கே சுழியின் எண்ணிக்கையே எழுத்தின் அடையாளம்.

ஆனாலும் இது தீராத சிக்கல் என்று நான் நினைக்கவில்லை. ரோமன் சிபோரா 1998-இல் தொடங்கிய யூனிஃபான்ட், உலகின் எழுத்துகளை 16 புள்ளி உயரத்தில், 8 அல்லது 16 அகலத்தில் தருகிறது. தமிழும் அதில் உண்டு. குறியீட்டு எண்ணுக்கு ஒரு வடிவம் என்பது அதன் கொள்கை என்பதால், கு, டு, மு, ரு என்று ஒவ்வொரு மெய்யோடும் வேறுவிதமாகச் சேரும் உகர ஊகாரங்களை அது தீர்க்காது. அவற்றை ஒவ்வொன்றாக வரைய வேண்டும். பதினெட்டு மெய்க்கு முப்பத்தாறு வடிவம். 1990-களின் டிஸ்கியும், தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற டேப் குறியீடும், ஆங்கிலத்தைத் தொடாமல் மீதமிருந்த 128 இடங்களுக்குள் தமிழை அடக்கிக் காட்டின. கஞ்சியோடு ஒப்பிட்டால் இது ஒரு தனிமனிதர் முடிக்கக்கூடிய வேலை. அகலத்துக்கும் ஒரு வழி உண்டு: ர, கால் போன்றவற்றுக்கு ஓர் அறை, க, ப, ம போன்றவற்றுக்கு இரண்டு, ண, ஞ, ஐ போன்றவற்றுக்கு மூன்று. முழு அறைகளாகவே எண்ணுவதால் கட்டம் உடையாது, ணகரத்தின் மூன்று சுழிக்கும் இடம் கிடைக்கும். வரிகள் நேராக நிற்க, டெர்மினல் மென்பொருளும் எழுத்துருவும் ஒரே அகலப் பட்டியலை ஏற்க வேண்டும். எழுத்துக்கொத்தை ஓர் அலகாக எண்ணும் டெர்மினல்கள் சில இப்போது வந்திருக்கின்றன. அவற்றிலும் தமிழ்க் கொத்துக்கு எத்தனை அறை என்பதைத் தமிழ் எழுதுகிறவர்கள்தான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் பதினாறு புள்ளி உயரத்தில் அந்த எழுத்துகளை வரைந்து பார்த்திருக்க வேண்டும், முதலில் ணகரத்தை.